சுண்ணாம்புப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளி

புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். அரை மில்லிகிராம் மாத்திரைக்கு ".5" என்று சீட்டு வந்தால், எழுதியவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். "0.5" என்று எழுதி வந்தால்தான் மருந்து. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டர் பையன் இதற்காக மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டான்.

"அக்கா, புள்ளி உங்க கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது. தெரியாம போற அன்னைக்குச் சாகப்போறது நானும் இல்ல, நீங்களும் இல்ல. முட்டையப் போடுங்க."

போட்டான். இந்தம்மாவுக்கு வாய் நீளம் என்று போகிற வழியில் யாரிடமோ சொல்லிக்கொண்டும் போனான். சொல்லட்டும். ஒரு முட்டை போடாததற்கு என் வீட்டில் என்ன விலை கொடுத்தோம் என்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் நின்று சொல்ல எனக்கு நேரமும் இல்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் சுருளிப்பட்டி. ஐம்பது சென்ட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் எங்களுக்கு. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் பந்தல். திராட்சை என்றால் பழம் பறிப்பது மட்டும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். கொடியைக் கவாத்து வெட்டிய நாளிலிருந்து பழம் கனியும் வரை மருந்து, மருந்து, மருந்துதான். மழை தூறினால் செவட்டை நோய் வந்துவிடும். இலை பழுத்து, கொத்து கருகிப் போகும். அதனால் இத்தனையாம் நாள் இந்த மருந்து என்று எண்ணி எண்ணி அடிப்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் மருந்தைக் கலப்பது அம்மா. அடிப்பது அப்பா. இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்து, மருந்தை அளந்து ஊற்றி, ஒரு வேப்பங்கம்பால் கிண்டுவாள். டிரம்மிலிருந்து போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்பா பந்தலுக்குள் நடப்பார். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் மருந்து விஷயத்தில் அவள் கை சுத்தம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைக்கிற கலவையை அவள் கரைத்தால் இலையில் ஒரு பொட்டுக்கூடக் கருகாது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சொல்வார்கள். சில பேர் தங்கள் டிரம்மைக் காட்டி, "ஆத்தா, இதச் செத்த பாரு, சரியா இருக்கா?" என்று கேட்டுப் போவார்கள். அம்மா கம்பை விட்டு ஒரு கிண்டு கிண்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள். அந்தக் கம்பு அவளைத் தவிர யார் கையிலும் இருந்து நான் பார்த்ததில்லை.

மருந்துக் கடையில் அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஈரக் கையோடு தொட்டால் சீட்டு கூழாகிவிடும். அதனால் எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ரூம் சுவர்தான் நோட்டு. கவாத்து வெட்டிய தேதி, என்றைக்கு என்ன மருந்து, லிட்டருக்கு எவ்வளவு என்று எல்லாம் சுவரில் இருக்கும். எங்கள் சுவர் வெள்ளையடிக்காத சிமெண்டுச் சுவர். பள்ளிக்கூடத்திலிருந்து துண்டு சாக்பீஸ் கொண்டுவந்து மூன்றாம் வகுப்பிலிருந்தே அதில் எழுதுவது நான்தான். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பெரியப்பா மட்டும் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவார்.

"செவத்துல எழுதற அளவுக்குப் படிச்சுட்டால்ல. போதும். பொட்டப்பிள்ளைய மேல மேல அனுப்பி என்னடா பண்ணப்போற?"

அப்பா குழாயைச் சுருட்டிவைக்கப் போய்விடுவார். அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பாள். அவ்வளவுதான் பதில்.

அந்தச் சுவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். துத்தக் கலவை கரைப்பது மோட்டார் ரூம் வாசலில்தான். துத்தத்தோடு சேர்ப்பதற்கு முன் சுண்ணாம்பைத் தனியாகக் கிண்டும்போது தெறிக்கும். வருஷக்கணக்காகத் தெறித்துத் தெறித்து, அந்தச் சாம்பல் நிறச் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கடுகளவு, மிளகளவு, எண்ண முடியாது. யாரும் அதைப் பார்த்ததே இல்லை. தினமும் இருக்கிறதை யார் பார்க்கிறார்கள்?

இப்போது கணக்கு சாரிடம் வருகிறேன்.

அவர் நல்ல வாத்தியார் என்றுதான் இன்றும் ஊரில் பேச்சு. இருக்கலாம். அவரிடம் படித்துத்தான் எனக்குக் கணக்கு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் தசமக் கணக்குப் பரீட்சை வைத்தார். எல்லா விடையும் சரியாகப் போட்டிருந்தேன். தொண்ணூற்றைந்துதான் வந்தது. பார்த்தால், 0.5, 0.25 என்று நான் எழுதிய ஒவ்வொரு பூஜ்யத்தையும் சிவப்பு மையால் அடித்து, இடத்துக்கு அரை மார்க் குறைத்திருந்தார். எழுந்து கேட்டேன்.

"எடது பக்கத்துச் சைபருக்கு மதிப்பு உண்டா?" என்றார்.

"இல்ல சார்."

"மதிப்பில்லாதத எதுக்குத்தா சுமக்குற? உங்க தோட்டத்துல வேண்டாத கொடிய வெட்டாமயா விட்டு வச்சிருக்காக? கவாத்துப் பண்ணு!"

வகுப்பே சிரித்தது. ".5" என்று நூறு தரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். நூறாவது தரம் எழுதும்போது கை தானாகவே பூஜ்யத்தை விட்டுவிட்டது. அதன் பிறகு யாராவது பூஜ்யம் போட்டால், "கவாத்துப் பண்ணலையா?" என்று நாங்களே கேலி செய்தோம். அந்தக் கேலியில் என் குரல்தான் பெரிது.

இன்றைக்கு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும் எனக்கு. அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு இல்லை, சரி. வேலையும் இல்லையா? பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, பார்த்துப் போ என்று அது கத்துகிறது. வேகத்தடைக்கு முன்னால் வைக்கிற பலகை மாதிரி. பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, விழுந்தவனைப் பார்த்துக் கண் இல்லையா என்று கேட்பது என்ன நியாயம்?

அந்தப் பரீட்சை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா கம்பத்திலிருந்து செவட்டைக்குப் புது மருந்து ஒன்று வாங்கி வந்தார். அவருக்கு ஒரு லிட்டர் பாட்டில், எங்களுக்கு ஒரு லிட்டர் பாட்டில். மழை விட்டதும் அடிக்கவேண்டும் என்று சொல்லி, சீட்டை என்னிடம் நீட்டினார். "எழுதிட்டுத் திருப்பிக் குடு ஆத்தா, எனக்கும் வேணும்."

சீட்டில் கடைக்காரர் அழகாக எழுதியிருந்தார். லிட்டருக்கு 0.5 மில்லி. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இந்தக் கடைக்காரருக்குக் கணக்கு சார் கிடைக்கவில்லை. சுவரில் நான் ".5 மில்லி" என்று எழுதினேன். புள்ளியை அழுத்தித்தான் வைத்தேன். சீட்டைப் பெரியப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு பாட்டில் அடுத்த கவாத்து வெட்டும் வரை வரும் என்று கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. பாட்டில் மேல் ஒட்டியிருந்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது, எறும்பு வரிசை மாதிரி, இங்கிலீஷில்.

புதன்கிழமை மழை விட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா சுவரைப் பார்த்திருக்கிறாள். 5 மில்லி. வழக்கமாக அடிக்கிற பொடி மருந்துகள் லிட்டருக்கு இரண்டு கிராம், மூன்று கிராம் வரும். ஐந்து கொஞ்சம் கூடத்தான். அப்பாவிடம் கேட்டும் இருக்கிறாள். அப்பா குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "புது மருந்து அப்படித்தான் இருக்கும். செவத்துல என்ன போட்டிருக்கோ அத ஊத்து" என்றிருக்கிறார். இருநூறு லிட்டருக்கு ஆயிரம் மில்லி. அம்மா முழுப் பாட்டிலையும் கவிழ்த்தாள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மோட்டார் ரூம் வாசலில் காலி பாட்டில் கிடந்தது. லிட்டருக்கு அரை மில்லி என்றால் ஒரு டிரம்முக்கு நூறு மில்லிதான். மனக்கணக்கிலேயே போட்டுவிடுவேன். நான் தொண்ணூற்றைந்து வாங்கியவள். அந்தப் பாட்டிலைத் தாண்டிப் போய்க் கைகால் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. சனிக்கிழமை காலையில் பந்தலுக்கு அடியில் நின்று மேலே பார்த்தால், தீ வைத்து எடுத்த மாதிரி இருந்தது. கவாத்து வெட்டி முப்பத்தைந்து நாள், பூங்கொத்து இறங்கியிருந்த நேரம். அப்பா ஒரு கொத்தை விரலால் தொட்டார். பொலபொலவென்று கையில் கொட்டியது. அடுத்த கொத்தைத் தொட்டார். அதுவும் கொட்டியது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே பந்தலின் அந்தக் கடைசி வரை போனார்.

வரப்புக்கு அந்தப் பக்கம் அதே மருந்து, அதே கடை. பெரியப்பாவின் பந்தல் பச்சையாக நின்றது. அவர் வரப்பில் ஏறிப் பார்த்தார்.

"ஏலே தம்பி, என்னடா பண்ணி வச்சிருக்கீக? எத்தனை ஊத்துனா அவ?"

"அஞ்சுண்ணே. லிட்டருக்கு அஞ்சு."

"அஞ்சா! இரு, சீட்டு வீட்டுல கெடக்கு, எடுத்தாரேன்."

அவர் வீட்டுக்கு நடந்தார். அப்பா பந்தலுக்குள்ளேயே நின்றார். அம்மா மோட்டார் ரூமுக்குள் போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவு ஓரத்தில் நின்றேன். சுவரில் மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். 5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. விரல் நுனியைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, அந்த ஒரு வரியை மட்டும் அழுத்தித் துடைத்தாள்.

எனக்கு அப்போது வந்தது கோபம். தப்புச் செய்துவிட்டு மறைக்கிறாள் என்று நினைத்தேன். பரீட்சையில் தப்பான விடையை எச்சில் தொட்டு அழிக்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது. அம்மா அப்படிப்பட்டவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது போல இருந்தது.

பெரியப்பா சீட்டோடு வந்தார். 0.5 என்று பளிச்சென்று இருந்தது. அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அப்பா சுவரைப் பார்க்க உள்ளே போனார். அங்கே ஈரம்தான் இருந்தது.

"எங்க எழுத்து?" என்றார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"அம்மாதான் அழிச்சுச்சு. நான் பாத்தேன். நான் சரியாத்தான் எழுதுனேன், புள்ளி வச்சுத்தான் எழுதுனேன்."

இதை எழுதும்போதும் என் பல் கடிபடுகிறது. பதினோரு வயதுக் கழுதை. என்ன தெளிவு, என்ன தைரியம்!

பெரியப்பா கை தட்டிச் சிரித்தார். "கேட்டியாடா? ஆறாப்புப் படிக்கிற புள்ளைக்குத் தெரியுது, புள்ளி எதுன்னு. தப்புப் பண்ணுனது பத்தாதுன்னு உம் பொண்டாட்டிக்கு அழிக்க வேற தெரியுது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "புள்ளி இருந்துச்சா?"

அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். "இருந்துச்சு. எனக்குத்தான் கண்ணு தெரியல."

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. டிரம்முக்குள் கிடந்த வேப்பங்கம்பை எடுத்தார். பெரியப்பா கையில் கொடுத்தார். "இனிமே நீங்களே கலந்து குடுங்கண்ணே."

ஐம்பது சென்ட் பந்தலில் அந்தக் கவாத்துக்கு ஒரு கூடைப் பழம்கூட இல்லை. ஆனால் கொடி பிழைத்தது. மறுபடி வெட்டினோம், மறுபடி துளிர்த்தது. கம்பு திரும்பவில்லை. அதற்கப்புறம் அம்மா டிரம் பக்கம் நின்றால் பெரியப்பா, "இங்கன என்ன வேலை, கொத்துக்கு அரும்பு கிள்ளப் போ" என்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் டிரம்மைக் காட்டிக் கேட்பதும் நின்றது. 'ஒரு புள்ளி தெரியாம பந்தலக் கருக்குனவ' என்று அவளுக்குப் பேர். பூஜ்யத்தை எழுதாதவளுக்குப் பேர் இல்லை. எழுதாதே என்று சொன்னவருக்கு நல்லாசிரியர் என்று பேர். பாட்டில் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லாமல் விட்ட பெரியப்பா கையில் கம்பு. அம்மா சந்தேகம் கேட்ட பிறகும் மருந்தை அடித்த அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை எப்போதும் வரிசையில் கடைசியாக நிற்கிறவர் தலையில்தான் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

அதற்குப் பிறகு சுவரில் பெரியப்பாதான் அளவு எழுதினார். 1.5 என்று எழுதுவார். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே செங்கல் துண்டால் "ஒண்ணரை" என்று கோணல் எழுத்தில் இருக்கும். .5 என்று இருந்தால் கீழே "அரை". அம்மா எழுதியது. எண் படிக்கத் தெரியாதவள் எழுத்துக் கூட்டுகிறாள் என்று பெரியப்பா கேலி செய்தார். என் கூட்டாளிகள் தோட்டத்துக்கு வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த "அரை"யை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பேன். ஊர்ச் சுவரிலுள்ள அத்தனை சுண்ணாம்பும் தெறித்தாலும் "அரை" ஐந்தாகாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பல வருஷம் கழித்து, மருந்தாளுநர் படிப்பு முடித்துப் பயிற்சிக்குப் போன இடத்தில், முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்தார்கள். மருந்தின் அளவு எழுதும்போது புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் கூடாது. 5.0 என்று எழுதினால் ஐம்பதாகப் படிப்பார்கள், .5 என்று எழுதினால் ஐந்தாகப் படிப்பார்கள். எழுதியவரின் பிழை என்று அதில் இருந்தது. படித்தவரின் பிழை என்று இல்லை. அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"ஏம்மா, அன்னைக்கு அந்தப் புள்ளி இருந்துச்சா, இல்லையா?"

எந்தப் புள்ளி என்று அவள் கேட்கவில்லை. "இருந்துச்சுன்னுதான் அன்னைக்கே சொன்னேன்ல. வெரல வச்சுப் பாத்தேன். சுண்ணாம்பு ஒட்டாது, சாக்பீஸு மாவா ஒட்டும். ஒண்ணு ஒட்டுச்சு."

"அந்தச் செவத்துல எவனுக்கும் அது தெரிஞ்சிருக்காதும்மா. அழிக்காம விட்டிருந்தா உன் மேல தப்பு இல்லைன்னு அவங்களே பாத்திருப்பாங்கல்ல?"

"பாத்திருப்பாக. அப்புறம்? என்னைய விட்டுட்டு உன்னையப் பிடிப்பாக. ஒரு புள்ளி ஒழுங்கா எழுதத் தெரியல, இவளுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னு கேக்க உன் பெரியப்பாவுக்கு ஒரு சாக்குத்தான வேணும்?" ஒரு சொத்தை மொச்சையை எடுத்துத் தூர எறிந்தாள். "நீதான் பெரிய இவளாட்டம் வந்து நின்னு, புள்ளி வச்சேன் புள்ளி வச்சேன்னு கத்துன."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பந்தல் கருகிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அம்மா கட்டியிருந்த சேலையை அவிழ்த்துக் கல்லில் போட்டிருந்தாள். துவைப்பது என் வேலை இல்லை. ஆனாலும் நான் எடுத்தேன். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகச் சாக்பீஸ் அப்பியிருந்தது. அம்மா செய்த தப்பு இது, நாளைக்கு யாரும் பார்க்கக்கூடாது, நானாவது இவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சோப்புப் போட்டு, அந்த வெள்ளை போகும் வரை கசக்கிக் கசக்கிப் பிழிந்தேன்.